ஐந்து துருப்பிடித்த ஆணிகள்

அந்தத் தேத்தண்ணியைக் கறுக்க வைத்தது நான்தான். குழாய்த் தண்ணீர் அல்ல. ஐந்து துருப்பிடித்த ஆணிகளை மூன்று நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டு, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் ஊற்றிக் காட்டியவள் நான்.

இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதும் அழுதுகொண்டு சொல்லவில்லை. கொழுந்துக் கூடைக்குத் தவிர வேறெதற்கும் நான் முதுகு வளைத்ததில்லை.

என் பெயர் அஞ்சலை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். எனக்கென்ன அவசரம்? உங்களுக்கும் இல்லையென்றால் உட்காருங்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் என் பழைய பாட்டு தெரியும். "அந்தக் காலத்துல..." என்று வாயைத் திறந்தாலே மருமகளுக்கு அடுப்பில் வேலை வந்துவிடும். வரட்டும். நான் சொல்வதில் என்ன தப்பு? ரிங்லெட் டவுனிலிருந்து வேனில் வந்த ரொட்டி மறுநாளும் பஞ்சு மாதிரி இருந்தது. இப்போது வரும் ரொட்டியை விட அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கனமாக இருக்கிறது. கியா பார்ம் பக்கத்து ஸ்ட்ராபெரி அப்போதும் புளித்ததுதான்; ஆனால் அது மரியாதையான புளிப்பு. பிரிஞ்சாங் டவுன் கடையில் இன்றைக்கு மின்விசிறி விற்கிறார்கள். இந்தக் குளிர் மலையில், மின்விசிறி! அந்தக் காலத்தில் அதை வாங்கி வந்தவனுக்குப் புத்தி சரியில்லை என்று வேப்பிலை அடித்திருப்போம்.

இதெல்லாம் உண்மை. சத்தியம் செய்வேன்.

தண்ணீர் விஷயம் மட்டும் அப்படியில்லை.

கோயில் திருவிழாவுக்குக் காய் நறுக்க உட்காரும்போதெல்லாம் அதைத்தான் அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். பைப்படித் தண்ணீர், அந்தப் பொதுக் குழாய்த் தண்ணீர், தேனாக இருந்தது என்று. வீட்டுக்குள் குழாய் வந்தது, லயத்தில் ஒற்றுமை போனது என்று. பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுத் தலையாட்டுவார்கள். எனக்கு உள்ளே சில்லென்று இருக்கும்... பெருமையாலா பயத்தாலா என்று இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு லயங்கள் இருந்தன. நாங்கள் மேல் லயம். இருபது கதவுகளுக்கும் ஒரே பொதுக் குழாய். அதுவும் சரிவில் இருபத்திரண்டு படி கீழே. மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமந்துதான் தண்ணீர் ஏற்ற வேண்டும். விடியும்போது குழாயடியில் தகரங்கள் வரிசையாக நிற்கும். யார் தகரம் முதலில், யார் தகரம் கடைசியில் என்று தீர்ப்பது நான்.

யார் கொடுத்த வேலை? யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். ஒருத்தியின் தகரத்தை நான் காலால் தள்ளி முன்னே வைத்தால், அவள் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்குள் போய்ச் சேருவாள். பின்னே வைத்தால் ஓட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் இடம் கொடுத்தேன். காய்ச்சல்காரிக்குக் கொடுத்தேன். என்னைப் பற்றிப் பேசியவளுக்குக் கடைசி இடம் கொடுத்தேன். நாள் முழுக்க ஏச்சு வாங்கும் ஒருத்திக்கு, காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எல்லாரும் "அக்கா, அக்கா" என்று நின்றால் எப்படி இருக்கும்? உங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்திருந்தால் விட்டிருப்பீர்களா? சும்மா சொல்லாதீர்கள்.

அப்போதுதான் தோட்டத்து ஆபீசுக் கிராணி அந்தச் செய்தியோடு வந்தார். ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் குழாய் போடப் போகிறார்கள். குழாயைத் தோட்டம் கொடுக்கும். குழி வெட்டுவது நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தோங் ரோயோங், கூலியில்லாமல் எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை. எந்த லயம் முதலில் ஆள் தருகிறதோ அந்த லயத்துக்கு முதலில் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

"அஞ்சல, ஒன் லயத்து ஆளுங்க ஒன் பேச்சத்தான் கேப்பாங்க. நீ சொல்லிருலா" என்றார் கிராணி.

சொன்னேன். அவர் நினைத்த மாதிரி அல்ல.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுத் தண்ணீரைத் தேத்தண்ணி போட்டுத்தான் சோதிப்போம். செக்கச்செவேல் என்று இறங்கினால் நல்ல தண்ணீர். நிறம் மாறினால் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம். காலம் முழுக்க தேயிலையில் கை வைத்தவர்கள், வேறு யார் சாட்சியை நம்புவோம்? கிராணி வீட்டில் ஏற்கெனவே குழாய் இருந்தது. அங்கிருந்து ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன்.

செவந்து இறங்கியது. எங்கள் பைப்படித் தண்ணீரை விட ஒரு சுற்று நன்றாகவே.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் வந்துவிட்டால் தகரம் வராது. தகரம் வராவிட்டால் வரிசை எதற்கு? வரிசை இல்லாவிட்டால் அஞ்சலை எதற்கு?

ஒரு முறை துருப்பிடித்த தகரத்தில் நின்ற தண்ணீரில் தேத்தண்ணி போட்டு, அது மசி மாதிரி கறுத்து, புருஷனிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். அது ஞாபகம் வந்தது. இன்னொரு போத்தல் வாங்கி வந்தேன். பழைய பலகையிலிருந்து ஐந்து ஆணிகளைப் பிடுங்கினேன். ஒரு கிள்ளு புளி சேர்த்தால் துரு சீக்கிரம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் கழித்துத் துணியில் வடிகட்டினேன். பார்வைக்குத் தண்ணீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பைப்படியில் எல்லாரையும் கூப்பிட்டேன். கல் கூட்டி அடுப்பு. இரண்டு கிளாஸ். ஒன்றில் நம் தண்ணீர், ஒன்றில் கிராணி வீட்டுத் தண்ணீர். ஒன்று செவந்தது. மற்றது கறுத்தது.

"யம்மாடி... பள்ளிக்கூடத்து மசி மாதிரில்ல இருக்கு" என்றாள் ஒருத்தி.

"மருந்து போடுறாங்கல்ல, அதான்" என்றாள் இன்னொருத்தி. மருந்து என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. அவர்களே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

பாக்கியம் மட்டும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. கொழுந்தும் எடுத்து, பிள்ளையும் பார்த்து, தண்ணீரும் சுமந்து ஓய்ந்து போயிருந்தாள்.

"கறுத்தா என்னக்கா? நான் என்ன செவப்பாவா பொறந்தேன்? வீட்டுக்குள்ள தண்ணி வந்தாப் போதும், எனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் என் பிடி நழுவுவது தெரிந்தது. நான் கறுத்த கிளாஸை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"இந்தா. ஒன் புள்ள வாயில ஊத்து, பாப்போம்."

அவள் குழந்தையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். மேல் லயத்திலிருந்து குழி வெட்ட ஒரு மண்வெட்டிகூடப் போகவில்லை. குழாய்கள் எல்லாம் கீழ் லயத்துக்குப் போயின.

கீழ் லயத்தில் தேத்தண்ணி கறுக்கவில்லையே என்று யாரும் கேட்கவில்லையா என்கிறீர்களா? கேட்டார்கள். கேட்டது பாக்கியம்தான்.

"கீழ எல்லாரும் செவப்பாத்தானேக்கா குடிக்கிறாங்க?"

"அது பள்ளம். நம்ம மேட்டுக்குத் தண்ணி ஏறணும்னா மருந்து கூடப் போடணும்டி" என்றேன்.

எவ்வளவு பெரிய மடத்தனம் பாருங்கள்! ஆனால் நான் சொன்னதால் அது நியாயமாகிவிட்டது. அவள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது அவள் தகரத்தைக் காலால் தள்ளிக் கடைசியில் வைத்தேன்.

அன்று தூறல். எல்லாரும் பிடித்துக்கொண்டு போன பிறகு அவள் இரண்டு தகரத்தையும் நிரப்பினாள். மேலே பெரட்டு மணி அடித்தது. வீட்டில் குழந்தை அழுதது. ஓடி ஏறினாள். பாசி பிடித்த படி. பதினாறோ பதினேழோ... கால் வழுக்கியது. தகரங்கள் இரண்டும் சத்தம் போட்டுக்கொண்டு உருண்டன. அவள் சத்தமே போடவில்லை.

இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. லாரியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்தான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். "புள்ளயப் பாத்துக்கக்கா" என்றாள். பார்த்துக்கொண்டேன். நான்கு மாதம் அந்தக் குழந்தை என் வீட்டில்தான் வளர்ந்தது. பைப்படித் தண்ணீர் காய்ச்சித்தான் பால்மாவு கரைத்தேன்.

எலும்பு கூடியது, கால் கூடவில்லை. ஒரு கால் குட்டையாகிவிட்டது. மலைச் சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது. பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை கொடுத்தார்கள். லயத்திலேயே வேகமாகக் கொழுந்து எடுத்தவள் அவள். அதையும் எழுதிவிடுகிறேன்.

படி வழுக்கியதற்கு நானா பொறுப்பு? தூறலுக்கு நானா? இந்தக் கேள்விகளை நான் எனக்காக நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். நல்ல கேள்விகள். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தத் தகரத்தைத் தள்ளிய கால் என்னுடையதாகவே இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, எண்பதுகள் பிறந்தபிறகு, எங்கள் லயத்துக்கும் குழாய் வந்தது. இந்த முறை யாரும் என்னைக் கேட்கவில்லை. முதல் நாள் எல்லா வீட்டிலும் தேத்தண்ணி போட்டார்கள். எல்லா வீட்டிலும் செவந்தது. இதோ மாட்டிக்கொண்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் தட்டி வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அக்கா அன்னைக்கு எதுத்து நின்னதாலதான் துரை பயந்துக்கிட்டு மருந்த நிப்பாட்டிட்டாரு."

நன்றி சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலத்துத் தண்ணீரைப் புகழத் தொடங்கினேன். குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், அந்த மூன்று வருடம் எதற்கு? அந்தக் கால் எதற்கு? பழைய தண்ணீர் தேனாக இருந்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை எனக்கு.

பாக்கியம் இன்றைக்கும் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருகிறாள். என் வீடு இப்போது சாலையோரம், ஐந்து படி ஏறித்தான் வர வேண்டும். உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வாள்: "என்ன இருந்தாலும் பைப்படித் தண்ணி ருசி வருமாக்கா?" நான் சொல்லிக் கொடுத்த பாட்டு. என்னைவிட நன்றாகப் பாடுகிறாள்.

அவளிடம் சொல்வேனா? மாட்டேன். அவளுடைய நல்ல காலத்தை நான் எப்படிப் பிடுங்குவது என்று சொல்லலாம். கேட்க அழகாக இருக்கும். என் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை என்பதும் உண்மை. எது பெரியது என்று நீங்கள் நிறுத்துப் பாருங்கள். நான் நிறுக்கப் போவதில்லை. மன்னிப்பும் உங்களிடம் கேட்கவில்லை, கால் உங்களுடையதல்ல.

போன ஞாயிறு இதை எழுதிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் மூடி வைக்கவில்லை.

"என்னக்கா எழுதுற?"

"பழைய கதை."

"பைப்படியப் பத்தி எழுதுனியா? அந்தத் தண்ணியப் பத்தி எழுதுக்கா. இப்ப உள்ளதுங்களுக்கு என்னா தெரியும்?"

"எழுதறேன்" என்றேன். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கேத்தலை நிரப்பினேன். தேத்தண்ணி செக்கச்செவேல் என்று இறங்கியது. குடித்தாள். என்னுடையதை நான் ஆற விட்டேன்.

பிறகு கிளம்பினாள். அவள் படியிறங்குவது எப்போதும் ஒரே மாதிரிதான். நல்ல கால் முதலில். பிறகு மற்றது, அதே படியில். ஐந்து படிக்குப் பத்துச் சத்தம். உள்ளே உட்கார்ந்து பத்தையும் எண்ணினேன்.

எல்லா ஞாயிறும் எண்ணுகிறேன்.