திரைக்கு உள்ளே ஒரு கை

பரிபூரணம் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. போதும் என்று யாராவது சொல்லும்வரை நிறுத்தமாட்டாள். சொன்னால், "ஆகட்டும்மா" என்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சி வேலை படிக்க வந்த செட்டியார்பட்டிப் பெண். எதற்கும் ஆகட்டும்தான். தண்ணீர் சுமக்கும் வெள்ளைத்தாய் ஒருநாள் சீண்டினாள்: "ஏட்டி, கெணத்துல குதின்னா அதுக்கும் ஆகட்டும்பியோ?"

"ஆகட்டும்க்கா. எந்தக் கெணறு?"

சிரிக்காமல்தான் கேட்டாள்.

அந்நிய ஆண்கள் கண்ணில் படாத பெண்களுக்கான கோஷா வார்டுக்குள் டாக்டர் வரமாட்டார். திரைக்கு வெளியே நின்று, காதில் விழுவதை வைத்தே உத்தரவு போடுவார். மாணவி அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும். எதிர்த்துப் பேசினால் பரீட்சை எழுத அவர் கையெழுத்துக் கிடைக்காது. இவளுக்கு முன்னால் படித்தவள் அப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராஜபாளையத்துச் சௌதாவுக்குப் பெண் பிறந்தது. ஒருமுறை வீறிட்டு அழுத பிள்ளை அப்படியே நீலம் பாரித்தது. நான் அதை அள்ளிக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடி, வாயிலிருந்த சளியை எடுத்துக்கொண்டிருந்தேன். அழுகை வெளியே கேட்டிருக்கிறது; பிரசவம் முடிந்தது என்று டாக்டர் நினைத்துவிட்டார். முந்தின வாரம்தான் ஒருத்தி பிள்ளை பெற்ற கையோடு ரத்தம் போயே செத்திருந்தாள். அவருக்கு அந்தப் பயம்.

"எர்காட் குடு. சீக்கிரம்!"

கருப்பையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் மருந்து அது. உள்ளே பிள்ளை இருக்கும்போது கொடுத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

"எர்காட் குடுக்கேன். ஆகட்டும்யா" என்றாள் பரிபூரணம். கிளாஸில் ஊற்றியும் விட்டாள். இடது கை மட்டும் சௌதாவின் வயிற்றைவிட்டு எழவில்லை.

"குடுத்தாச்சா?"

அவள் இடது கையை இன்னும் அழுத்திப் பார்த்தாள்.

"என்னம்மா, காது கேக்கலியா?"



"ஐயா, வயித்துல இன்னொண்ணு கெடக்கு. கையில தட்டுப்படுது. இப்பம் குடுக்கமாட்டேன்யா."

 திரைக்கு வெளியேயிருந்து டாக்டர் குரல் வந்தது: "அது பொறந்த பொறவு குடு. முடிச்சிட்டு என் ரூமுக்கு வா."

ஆண் பிள்ளை பிறந்தது. அதற்குள் என் கையிலிருந்த பெண் பிள்ளையும் மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. பரிபூரணம் மருந்தைக் கொடுத்துவிட்டு டாக்டர் ரூமுக்குப் போனாள். திரும்பி வந்து கை கழுவினாள். கையெழுத்து என்னவாயிற்று என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேன்னாவ" என்றாள். ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை டாக்டர் திரைக்கு வெளியே வந்து நின்றார். "சௌதாவுக்கு வெளக்கெண்ணெ குடு."

"வெளக்கெண்ணெ குடுக்கேன். ஆகட்டும்யா."

சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தாள். உள்ளங்கைகளைச் சேலையில் தேய்த்துச் சூடாக்கி, முதலில் சௌதாவின் வயிற்றில் வைத்தாள்.