பதினாறும் முப்பத்தொன்றும்

லப்டொப்பை விற்றவன் கள்ளன் என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அது பொய். அவன் நேர்மையானவன். இதை அவளிடம் ஒத்துக்கொள்ள எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன.

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, வாய்க்கால் ஓரமாக அவள் வீடு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவளுக்கு முப்பது வயதிருக்கும். தாய் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்ததால் அவளால் வெளியே வேலைக்குப் போக முடியாது. கிளிநொச்சியில் கணினி படித்திருந்தாள். கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டிலிருந்தே பற்றுச்சீட்டுகளைப் பதிவுசெய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, அடுத்ததற்கு அடுத்த மாதம் முதலாம் திகதி சொந்த லப்டொப் கையில் இருக்க வேண்டும். புதிது வாங்க வழியில்லை. வீட்டிலிருந்த பசுவை விற்றுவிட்டு, பாவித்ததொன்றை இணைய ஏலத்தில் எடுக்கலாம் என்று என்னிடம் வந்தாள். ஏலத் தளம் முழுக்க ஆங்கிலம். நான் முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் ஆங்கிலக் கடிதம் எழுதியவன்.

"ஐயா, நீங்க படிச்சவங்க. உங்க பேர்லயே எடுத்துக் குடுங்க," என்றாள்.

அந்த 'படிச்சவங்க'வில் நான் விழுந்துவிட்டேன்.

தளத்தில் பதிவதற்குள் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து இல்லை என்றது. போட்டால் இலக்கம் இல்லை என்றது. தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கத்தைப் பிடிக்க, சிக்னல் கிடைக்கும் கிணற்றடிக்கு ஓட வேண்டும். திரும்பி வந்து தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. ஆனால் வாங்குவதில் நான் அவசரப்படவில்லை. தளத்துக்கு வெளியே நேரடியாகக் காசு அனுப்பினால் குறைத்துத் தருவேன் என்ற ஒருவனை அப்படியே விட்டுவிட்டேன். விற்பவர்களைப் பற்றிப் பாராட்டி எழுதியதை விட்டுவிட்டுக் குறை எழுதியதை மட்டும் வாசித்தேன். கடைசி நிமிடச் சூட்டில் கூட்டிக் கேட்டுவிடாமல், எங்கள் விலை எல்லையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தேன். எடுத்தது, மூடப்பட்ட ஓர் அலுவலகத்தின் இயந்திரங்களில் ஒன்று. வாங்கியவுடன் இயக்கிப் பார்க்கும்படி விற்றவனே எழுதியிருந்தான்.

அவளுக்கு விதியையும் விளக்கினேன். "பார்சல் வந்து ஏழு நாளைக்குக் காசு தளத்திலைதான் இருக்கும், பிள்ளை. பிழையெண்டால் அதுக்குள்ளை திருப்பி அனுப்பலாம். நாங்கள் ஒண்டும் சொல்லாட்டி எட்டாம் நாள் அவனுக்குப் போயிடும். இதுதான் இதிலை எங்களுக்குப் பாதுகாப்பு."

ஏலம் எங்களுக்கு விழுந்த மறுநாள் பளையில் என் ஒன்றுவிட்ட தமையன் காலமானார். காணி எல்லைக் கதையில் பதினான்கு வருடம் நாங்கள் பேசாதவர்கள். ஆனாலும் செத்தவீட்டுக்குப் போனேன். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, வந்தது. எங்கள் பக்கத்தில் அது முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை.

பார்சல் வவுனியாவில் நாலு நாள் கிடந்து, துடக்கின் பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தது. நான் அதை அலுமாரிக்கு மேலே வைத்தேன். அன்று பின்னேரமே அவள் வந்தாள்.

"வந்திருச்சாம்ல, ஐயா. திறக்கலையா?"

"துடக்கு வீடு, பிள்ளை. முதல் வேலைக்கு வாங்கின சாமான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய, நல்ல நாள் பாத்துத் திறப்பம். ஒண்டாம் திகதிக்கு முன்னம் கிடைக்கும்."

"ஏழு நாள்னு சொன்னீங்களே."

"அது பிழையான சாமானுக்கு. நான் பாத்துத்தானே எடுத்தனான்."

"எங்க பக்கம் பதினாறு நாள்ல எல்லாம் முடிஞ்சிரும், ஐயா. இன்னும் நாலு நாள். பதினாறாம் நாளே எங்க வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துக்கிறேனே."

"அது உங்கடை முறை," என்றேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தா. "இஞ்சருங்கோ, அந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கை முகம் பாக்கேல்லை. இப்ப முப்பத்தொரு நாள் காக்கிறியளோ?"

"ஊர் என்ன சொல்லும்?"

"ஒவ்வொரு நாளும் புதுப் பேப்பர் பிரிக்கிறியள். அதுக்குத் துடக்கில்லையோ?"

நான் பேப்பரை மடித்து வைத்தேன், அவ்வளவுதான்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள், பெட்டிக்குச் சந்தனம் வைத்து, அவளையும் கூப்பிட்டுத் திறந்தேன். லப்டொப் கண்ணாடிபோல இருந்தது. ஆளியை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் வந்து கடவுச்சொல் கேட்டது. எதைத் தட்டினாலும் மூன்று தரத்துக்குப் பிறகு அணைந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிநொச்சி நகரத்தில் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். "கம்பனி போட்ட பூட்டு, ஐயா. உள்ளுக்கை போர்ட்டை மாத்தவேணும். அந்தச் செலவுக்கு வேறையொண்டு எடுக்கலாம். வந்தவுடனை போட்டுப் பாக்கேல்லையோ?"

விற்றவனுக்கு எழுதினேன். அன்றே பதில் வந்தது. அந்தத் தொகுதியில் சிலதில் பூட்டு நீக்கப்படாமல் வந்தது தனக்குப் பிறகுதான் தெரிந்ததாம். ஏழு நாளுக்குள் சொன்ன எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்தானாம். இப்போது ஒன்றும் மிச்சமில்லை. மன்னிப்பும் கேட்டிருந்தான். தளத்துக்கு நான் எழுதிய முறைப்பாட்டுக்கு, காலம் கடந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. மேலும் இரண்டு தரம் எழுதினேன். அதே வரி திரும்ப வந்தது.

அவளிடம் போய் நான் சொன்னது இது: "அவன் பெரிய கள்ளன், பிள்ளை. முதல் நாளே சொல்லியிருந்தாலும் மாத்தித் தந்திருக்கமாட்டானாம்."

வேறொன்று என் செலவில் வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "கள்ளன் எடுத்ததுக்கு நீங்க ஏன் ஐயா குடுக்கணும்? எனக்காக இவ்வளவு அலைஞ்சதே போதும்." என் பொய், நான் ஈடுசெய்யவிருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டது. அவள் எனக்கு நன்றி வேறு சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு, தந்த தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன்.

முதலாம் திகதி போனது. கம்பனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அவள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள். விடிய முதல் அவர்களுடைய பஸ் எங்கள் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிக்கும். பகலில் தாயை அயலவர் யாரேனும் எட்டிப் பார்ப்பார்கள். புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாமல் தாயின் முதுகில் புண் வந்துவிட்டது என்று மனைவி ஒருநாள் சொன்னா. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னா. அதற்குப் பிறகு அந்த ஹோர்ன் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு காலை போனேன். அவள் கிணற்றடியில் தாயின் விரிப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விற்றவன் உண்மையில் எழுதியதையும் சொன்னேன்.

அவள் விரிப்பை முறுக்கிப் பிழிந்தாள்.

"பதினாறாம் நாள் திறந்திருந்தா மாத்தியிருக்கலாம். அப்படித்தானே, ஐயா?"

"ஓம்."

"நான் சொன்னப்ப நீங்க கேக்கலை. அது துடக்குக்காகவா, இல்ல சொன்னது நான்ங்கறதுக்காகவா?"

ஊரை, முறையை, செத்தவரைச் சாட்டாகச் சொல்லியிருக்கலாம். "சொன்னது நீர் எண்டதாலை," என்றேன்.

அவள் விரிப்பைக் கொடியில் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"அப்ப இப்ப வாங்கிக் குடுங்க," என்றாள். "மறுபடி ஆள் எடுப்பாங்களான்னு தெரியாது. இருந்தாலும் வேணும். ஆனா என் பேர்ல, என் வீட்டு விலாசத்துக்கு."

இந்த முறை ஏலம் கேட்டது அவள்தான். தெரியாத சொற்களுக்கு மட்டும் என்னைக் கேட்டாள். பார்சல் வந்த அன்று ஆள் அனுப்பினாள். நான் போனபோது தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு, குசினிக் கத்தியுடன் இருந்தாள்.

அன்று அட்டமி. அது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியும்போலிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெட்டியை வெட்டினாள்.