ஏரிக்கரைப் பள்ளியில் பாடு விட்ட எஸ்தர் டீச்சர்

அந்தப் புதன்கிழமை எங்கள் மேல்நிலைப் பள்ளியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ‘கல்லூரி ஆயத்தம் மற்றும் தலைமைப் பண்பு வகுப்பு’ என்ற பெயர்ப்பலகையை நீலத்தில் எழுதுவதா பச்சையில் எழுதுவதா என்ற கேள்விக்கு, இரண்டு பாடவேளைகள் நீடித்த ஆசிரியர் கூட்டத்தில் விடை காணப்பட்டது. பச்சை. இருவர் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். தலைமையாசிரியர் கையெழுத்திட்டுப் பேனாவை மூடும்போது அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“நம்ம எஸ்தர் டீச்சர் போய்ட்டாங்களாம். காலையில, மீஞ்சூர் வூட்ல. தூக்கத்துலயே.”

அவருடன் வேலை பார்த்த எங்களில் எவரும் அவர் வேறு விதமாகப் போவார் என்று எண்ணியிருக்க மாட்டோம்.

அந்த வகுப்பு அவரிடம் வந்து சேர்ந்ததே தூக்கத்தால்தான். பழவேற்காடு ஏரிக்கரைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்து, கூடவே தலைவர்களாகவும் ஆக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. யார் பொறுப்பேற்பது என்று தலைமையாசிரியர் கேட்டபோது எல்லோரும் காரணம் சொன்னார்கள். வரலாற்று ஆசிரியை எஸ்தர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடியிருந்தார். மறுப்பு இல்லாததால் ஏகமனதாகத் தேர்வானார். விழித்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சரி, ரூம் எது?” என்றார்.

பொன்னேரியிலிருந்து வரும் காலைப் பேருந்தில் நானும் அவரும் ஆறு ஆண்டுகள் ஒரே இருக்கையில் வந்தோம். ஏறியதும் உறங்கிவிடுவார். சாலையின் திருப்பத்தில் ஏரி தெரியும் இடத்தில், யாரும் எழுப்பாமல், கண் திறப்பார். அந்த நேரத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. படகுகள் ஒன்றிலும் தங்காமல் நடுவில் தொங்கும். “இன்னா கலர் சார் இது? தமிழ்ல பேர் இருக்குதா?” என்பார். நான் தமிழாசிரியர். ஆறு ஆண்டுகளும் நாளைக்குச் சொல்கிறேன் என்றே சொன்னேன். மழைக்காலத்தில் ஏரி மைதானத்தைத் தாண்டி வகுப்பின் படிவரை வரும். மேல்படியில் நாற்காலி போட்டு, தண்ணீரில் ஆடும் பள்ளிக்கூடத்தின் நிழலைப் பார்த்தபடியே மாதிரி நேர்காணல் நடத்துவார். “உங்கள் பலவீனம் என்ன?” என்ற கேள்விக்கு ஒரு பையன் “வாடக்காத்து, மிஸ்” என்று பதில் சொன்னான். முழு மதிப்பெண் கொடுத்தார்.

வகுப்புக்கு ஒரு தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை. அவர்கள் ஊரில் ஏரியின் நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, ஒரு பங்கு. முறை வந்த நாளில் போகாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

“ஓட்டு இன்னாத்துக்கு மிஸ்? பாடு வுட்டா ஆளுக்கு ஒரு நாள் லீடரு” என்றான் ஒருவன்.

“பொண்ணுங்களுக்கு ஏதுடா பாடு?” என்றான் இன்னொருவன்.

டீச்சர் அரைக்கண்ணால் அவனைப் பார்த்தார். “இந்த ரூம்ல தலைக்கட்டுன்னா அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்கணும். அவ்ளோதான். சீட்ட எழுது.”

படிவத்தில் தலைவர் பெயர் எழுதும் ஒற்றைக் கோட்டில் வகுப்பு முழுவதன் பெயரும் பொடி எழுத்தில் போனது. மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று முறை கோமதியுடையது. அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. அவரை வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே உள்ளே விட்டாள்.

அந்தக் கோமதிக்குத்தான் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் வந்து, “நைனா வுட மாட்டேன்றாரு மிஸ். ஊர்ல எந்தப் பொண்ணும் ஹாஸ்டலுக்குப் போனதில்லன்றாரு” என்றாள். அழவில்லை. சேர்க்கைக் கடிதத்தை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு மதியம் டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு அவள் குப்பத்துக்குப் போனார். கோயில் முன்னே பாடு குலுக்கும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் மட்டும். வெயிலில் ஏரி கண்ணாடிப் புகைபோல் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். டீச்சர் அதில் உறங்கினார். ஊர்ப் பெரியவர் தேசப்பன், “இன்னா டீச்சர், எங்க பேஜாரு உங்களுக்குத் தாலாட்டா?” என்றபோது கண் விழித்தார்.

“ஒரு சந்தேகம் கேக்க வந்தேங்க. பாடு வந்து போவலன்னா?”

“அடுத்தவனுக்குப் போய்டும்.”

“கோமதிக்கு காலேஜ்ல ஒரு பாடு வந்துக்குது. நாளைக்குப் போவலன்னா அடுத்தவங்களுக்குப் போய்டும்.”

“அடுத்தது யாரு?” என்றார் தேசப்பன்.

“யாரோ. எளாவூரோ, மீஞ்சூரோ.”

“நம்ம பாட்ட வெளியூருக்கா?” தேசப்பன் திரும்பினார். “ஏழுமல, உன் வூட்டுக்கு வந்த பாடு. நீ போவலன்னா சொல்லு, அடுத்த தலைக்கட்டுக்கு வுட்ருவோம்.”

கோமதியின் தகப்பனார் ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார். “போவலன்னு எவன் சொன்னான்?”

திங்கட்கிழமை அவரே அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறினார்.

ஊர் அத்தோடு நிற்கவில்லை. கல்லூரியில் ஊருக்கு ஆண்டுக்கு ஒரு பெண் பாடு இருப்பதாகத் தீர்மானித்து, சீட்டுக் குலுக்கி, எந்த ஆண்டு எந்த வீடு என்று ஊரின் பாடு நோட்டில் எழுதிவிட்டார்கள். முறை நெருங்கும் வீடுகளில் மகள்களை நண்டு உடைக்கக் கூப்பிடுவது குறைந்தது. மதிப்பெண் குறைந்தால் தாய்மார்கள் பள்ளிக்கு வந்து சண்டை போட்டார்கள். பேருந்தில் நான் டீச்சரிடம் கேட்டேன்: “கல்லூரி அப்படியெல்லாம் இடம் ஒதுக்குவதில்லையே. சொல்ல வேண்டாமா?”

“அவங்களுக்குத் தெரியாது சார். காலேஜுக்கும் தெரிய வேணாம்” என்றார். பிறகு உறங்கிவிட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தேசப்பன் பள்ளிக்கு வந்தார். வகுப்பின் வெளியே செருப்பைக் கழற்றினார். “டீச்சர் பூட்டாங்க. காலேஜ் பாடு இருக்குதா, அவங்களோட முடிஞ்சிச்சா? இந்த வருசம் எங்க வூட்டு முறை சார்.”

உண்மையைச் சொல்லும் வாய்ப்பு, பேருந்தில் கேட்ட அன்றைக்குப் பிறகு, எனக்கு மறுபடியும் கிடைத்தது. மேசையில் டீச்சர் விட்டுச்சென்றவை ஒரு சிவப்புப் பேனா, மடித்த சால்வை, ஊர் நோட்டிலிருந்து அவர் எடுத்து வைத்த முறைப் பட்டியலின் நகல். சால்வையை அவர் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டியலை நான் வைத்துக்கொண்டேன். அதோடு, திருத்தாமல் விட வேண்டியதைத் திருத்தாமல் விடும் அவருடைய பழக்கத்தையும். “இருக்கிறது” என்றேன்.

தேசப்பனுக்கு மூன்று மகன்கள், பெண் இல்லை. சுண்ணாம்புக்குளத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வாழ்க்கைப்பட்டு வந்த மூத்த மருமகள் இப்போது முதலாமாண்டு வரலாறு படிக்கிறாள்.