அனுசுயாவின் அளவு நோட்டு

அனுசுயாவின் தையல் கடையில் ஹூக் வைப்பதும் காஜா எடுப்பதும் என் வேலை. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எரிமலைக் குழம்பு உறைந்து, கால் வைத்தால் அறுக்கிற கல்லாகக் கிடந்தால் அதற்கு இங்கிலீஷில் ‘ஆ ஆ’ என்று பெயர். அது எனக்குத் தெரியும். பரோ தீவுகள் பக்கம் அடிக்கிற சுழல்காற்றுக்கு ஓ, ஈ என்று இரண்டே எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. யேமன் நாட்டில் வெற்றிலை மாதிரி மெல்லுகிற இலை ‘காத்’. எழுத்துக் கட்டை ஆட்டத்தில் கைக்கு ‘க்யூ’ வந்து, கூட ‘யு’ வராமல் போனால் அந்த இலைதான் காப்பாற்றும். எல்லாம் அனுசுயா வாயால் கேட்டது. அவளைப் பற்றித்தான் சொல்கிறேன், என் பேத்தி அபி எழுதுகிறாள். நான் சொன்னதை மாற்றாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அனுசுயாவுக்கு ஊர் அமராவதிபுதூர். பத்தாவது வரை படித்தவள். காரைக்குடியில் காளிராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இவள் ஜாக்கெட் தைத்தால் கழுத்து தூக்காது, கை பிடிக்காது. அதனால்தான் நாச்சியம்மை ஆச்சி இவளைத் தவிர யாரிடமும் துணி கொடுப்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆச்சி வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனவள், வளவு முற்றத்து ஓரம் விரித்திருந்த ஸ்கிராபிள் அட்டையை, எழுத்துக் கட்டைகளைச் சேர்த்து இங்கிலீஷ் சொல் ஆக்குகிற ஆட்டத்தை, பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னடி பாக்குறே? வெளையாடத் தெரியுமா?”

“போன்ல வெளையாடுவேன் ஆச்சி.”

“அப்ப உக்காரு. எங்க வீட்டுக்காரவுக போனதுலருந்து அந்த நாற்காலி சும்மாதான் கெடக்கு.”

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அவள் அங்கே இருப்பாள். துணைக்குப் போன என்னையும் ஆச்சி விடவில்லை. அந்த வீட்டு ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. சொல் சரியா என்று ஆச்சி போனில் பார்ப்பார். சரியாகவே இருந்தாலும், எதிராளி கேட்டால் அர்த்தம் சொல்ல வேண்டும். அதுவும் இங்கிலீஷ் தெரியாத எனக்கு விளங்குகிற மாதிரி, ஒரே தடவையில். எனக்கு விளங்காவிட்டால் கட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் தயவு பார்ப்பதில்லை. ஆச்சியையே நாலு தடவை எடுக்க வைத்திருக்கிறேன்.

அர்த்தங்களை மனதில் வைக்க அனுசுயா ஒரு வழி வைத்திருந்தாள். அளவு நோட்டில் ஒவ்வொரு ஆளின் அளவுக்குப் பக்கத்திலும் ஒரு சொல்லை எழுதுவாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் நாலு துணியோடு நுழைகிற ஒக்கூர் சௌபர்ணிகாதான் அந்தத் தீவுச் சுழல்காற்று. வாயில் வெற்றிலை இல்லாமல் பார்க்க முடியாத ஆச்சி, காத். ஆள் நினைவுக்கு வந்தால் அர்த்தம் தானாக வரும் என்பாள்.

ஆட்டத்தில் மூன்றாவது ஆள் ஆச்சியின் கொழுந்தனார் ஏகப்பன். சென்னையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் தோற்கப் பிடிக்காது. ஆவணி பிறந்த முதல் ஞாயிறு, உட்காரும்போதே ஆரம்பித்தார்.

“அண்ணி, இந்தப் பிள்ளை போனைப் பாத்து எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டு வருது. இது வெளையாட்டா? என் சிநேகிதர் ஒருத்தர் வாரேங்கிறார். படிச்சவர்.”

“சட்டம் இருக்குல்ல? அர்த்தம் கேளுங்க,” என்றார் ஆச்சி.

“கேக்கத்தான் போறேன். இன்னைக்கு ஒரு சொல்லுக்கு அர்த்தம் தப்புனாலும் நாற்காலி என் சிநேகிதருக்கு.”

நான் அனுசுயாவைப் பார்த்தேன். வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவர் அளவுக்கு வெட்டுகிறவள். இந்த இரண்டு மணி நேரத்துக்காக சனிக்கிழமை பாதி ராத்திரி வரை உட்கார்ந்து வேலையை முடித்துவிடுவாள். அவள் பதறவே இல்லை. “சரிங்கய்யா, கேளுங்க,” என்று பையில் கைவிட்டுக் கட்டைகளை எடுத்தாள்.

அவரும் விடாமல் கேட்டார். ‘ஜோ’ என்றால்? பசுவுக்கும் இமயமலைச் சடைமாட்டுக்கும் பிறந்த மாடு. ‘கா’ என்றால்? எகிப்துக்காரர்கள் செத்தவர் கூடவே இருக்கும் என்று நம்பிய உயிர். எனக்கு எல்லாம் விளங்கியது. கடைசியில் அவள் கையில், பின்னால் அவள் சொன்னபடி, ‘யு’ இரண்டு, ‘என்’ ஒன்று, ‘ஏ’ ஒன்று. அந்த நாலையும் வைத்து ‘யூநாவ்’ என்று இறக்கினாள்.

“இப்படி ஒரு சொல்லே கெடையாது,” என்றார் ஏகப்பன்.

ஆச்சி போனைப் பார்த்தார். “இருக்கே.”

“அப்ப அர்த்தம் சொல்லட்டும். ஒரே தடவைதான்.”

அனுசுயா கண்ணை மூடி நோட்டை நினைத்தாள். உடனே வாய் திறந்துவிட்டது.

“ஏகப்பன் ஐயா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

“யாரு, நானா?” என்று அவர் எழுந்தார். “பாத்தீகளா அண்ணி! அர்த்தம் கேட்டா என் பேரைச் சொல்லுது. முடிஞ்சுபோச்சு!”

“இல்லய்யா, அது வந்து...”

“ஒரே தடவைன்னு சொல்லியாச்சு.”

அவள் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். ஆச்சி என் பக்கம் திரும்பினார். “கருப்பி, நீ சொல்லு. உனக்கு வெளங்குச்சா?”

“வெளங்குச்சு ஆச்சி,” என்றேன். “லேசுல நகராத ஏதோ ஒரு சீவன்.”

“எப்படி வெளங்குச்சு?” என்றார் ஏகப்பன்.

“தை மாசம் உங்களுக்குத் தச்ச சட்டை கடையிலயே கெடக்கு, ஆவணி வந்துருச்சு. வாரேன் வாரேன்னு சொன்னீகளே ஒழிய வரலை. ஏழு மாசமா தூசி தட்டி மடிச்சு வைக்கிறவ நான். உங்க பேரைச் சொன்னா எனக்கு வேற என்ன வெளங்கும்?”

ஆச்சி போனை உரக்கப் படித்தார். தென்னமெரிக்கக் காட்டு மிருகமாம். முன்னங்காலில் இரண்டு விரல். கிளையில் தலைகீழாகத் தொங்கும், மெல்ல மெல்லத்தான் நகரும். படித்து முடிப்பதற்குள் சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

“ஆளைச் சொன்னா அர்த்தம் ஆயிருமா?” என்று ஏகப்பன் மறுபடி கேட்டார்.

“எனக்கு வெளங்கணும்கிறதுதானே சட்டம்? வெளங்கிருச்சு. சொல் செல்லும்,” என்றேன்.

அவர் கட்டைகளைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார். சட்டையைப் போட்டுப் பார்த்தார். ஏழு மாதத்தில் வயிறு வளர்ந்திருந்தது. நடுப் பொத்தான் எட்டவில்லை. அனுசுயா டேப்பைச் சுற்றிப் புது அளவை நோட்டில் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“அந்தச் சொல்லை அடி. அதான் வந்துட்டேன்ல?”

“அடிச்சிட்டேன்யா.”

“வேற என்ன எழுதப் போறே?”

“யோசிச்சுதான் எழுதணும். சட்டையைப் பிரிச்சுத் தைக்க நாலு நாள் ஆகும். ஞாயித்துக்கெழமை ஆட்டத்துக்கு வரும்போது கொண்டாரேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு வரணும்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். “லேட்டா வந்தா அந்தச் சொல்லை உனக்கு எழுதிருவேன்.”