தறித்தெருவின் காதுகள்

எங்கள் பள்ளியில் அவளை எல்லாரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோராம் வகுப்பு வணிகவியல் பிரிவு, மூன்றாவது பெஞ்சு. அவள் எழுந்து பதில் சொன்னால் மாடி வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடந்துவிடும். ஒருமுறை கூட்டாண்மை என்றால் என்ன என்று கேட்டேன். அவள் சொல்லி முடித்ததும் அடுத்த அறையிலிருந்து வேதியியல் ஆசிரியர் எட்டிப் பார்த்து, "விடை சரிதாம்மா. ஆனா நாங்க அமிலத்தைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்" என்றார்.

நான் அவளுக்கு வகுப்பாசிரியை. மாணவர் சேவைக் குழுவுக்கும் நானே பொறுப்பு. ஒவ்வொரு மாணவியும் ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் ஊருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்பது விதி. நாங்களும் செய்தோம். பூங்காவைக் கூட்டினோம், பதாகை பிடித்து ஊர்வலம் போனோம், மரம் நட்டோம். நட்ட கன்றுகளில் பாதி, போன ஆண்டு பட்டுப்போனவற்றின் குழியிலேயே நடப்பட்டவை. படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் எங்கள் கடமை முடிந்துவிடும். இதில் சைரனை நூலக வேலைக்குப் போட்டால் நூலகர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் துடைப்பமும் வாளியும் இருக்கும் அறைக்கு அவளைக் காவல் வைத்திருந்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. அவளுடைய அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்தில் மற்ற பெற்றோர்கள் இருந்ததால் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் குனிந்தபடியே குரலைத் தாழ்த்திப் பேசினேன்.

"கணக்குப் பதிவியல்ல மார்க் குறைஞ்சிருக்கும்மா. வீட்டுல படிக்க நேரம் கிடைக்குதா?"

"சரிங்க டீச்சர்."

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கறா?"

"சரிங்க டீச்சர்" என்று சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சைரனைத் தனியாக அழைத்து, "உங்கம்மாவுக்கு உன் படிப்புல அக்கறையே இல்லையா?" என்று கேட்டேன்.

முதல்முறையாக அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். "மிஸ், நீங்க பேசினது அம்மாவுக்குக் கேக்கல. பதினெட்டு வருஷமா விசைத்தறிச் சத்தத்துலயே நிக்கறாங்க. கேக்கலைன்னு வெளியில தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயம். அதான் யார் என்ன சொன்னாலும் சரின்னுடுவாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட் தாண்டினதும் என்கிட்டதான் கேட்டாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தேற்றினாள். "விடுங்க மிஸ். எங்க வீட்டுல மெதுவா பேசினா சோறே கிடைக்காது. அதான் நான் இப்படி ஆயிட்டேன்."

அந்த வார சேவைக் குழுக் கூட்டத்தில் நான் கரும்பலகையில் பூங்கா சுத்தம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

"மிஸ், பூங்கா எங்கயும் போயிடாது. எங்க தெருவுல எத்தனை பேருக்குக் காது கேக்கலன்னு யாருக்காவது தெரியுமா? ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான்னு நினைச்சு மறைச்சு வச்சிருக்காங்க. நாம போய்ப் பார்க்கலாம் மிஸ்."

அரசு மருத்துவமனையின் காது மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். அவர் எளிய வழி ஒன்று சொல்லிக்கொடுத்தார். தறி நின்றிருக்கும் நேரத்தில், ஆளுக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயரைக் கேட்க வேண்டும். திரும்பாதவர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியல் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்களோடும் கருவிகளோடும் பள்ளிக்கே வருவதாகச் சொன்னார்.

முதல் நாள் சைரனே பின்னால் நின்று கேட்டாள். எல்லாரும் திரும்பினார்கள். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவரும் திரும்பித் தன் பெயரைச் சொன்னார். பிறகுதான் அவள் தோழியைச் சேர்த்துக்கொண்டோம். அந்தப் பெண் பேசுவது அவளுக்கே கேட்குமா என்று சந்தேகம் வரும். பூனை என்று பெயர். பூனை பின்னால் நின்று பெயரைக் கேட்பாள். சைரன் தறிப் பட்டறைக்குள் போய் விஷயத்தை விளக்குவாள், பயப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்துவாள். குழுவில் மற்ற பத்துப் பேரும் நோட்டும் பேனாவுமாக நிற்பார்கள். மதிய இடைவேளைகளில் நான்கு வாரம் இப்படி அலைந்தோம்.

தெருவிலேயே பெரிய பட்டறை, நாற்பது தறி ஓடுவது, அவள் அம்மா வேலை செய்த இடம். அதன் முதலாளி எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"சும்மா இருக்கறவங்களக் கிளப்பி விடுறீங்களா? காது போச்சுன்னு நாளைக்கு எல்லாரும் என் தலையில வந்து விழுவாங்க. ஸ்கூல்ல படிக்கற வேலையைப் பாருங்க."

சைரன் அசரவில்லை. "ஐயா, காது கேக்காதவங்கள நிறுத்தச் சொல்லி நாங்க வரல. கேக்கறவங்களுக்குக் கெடாம இருக்கட்டும்னுதான் வந்திருக்கோம். நூல் அறுந்தா உடனே தறிய நிறுத்தறீங்க இல்ல? காதுக்கும் அப்படித்தான்."

அவர் கையை வீசி மறுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் பூனை எப்போது நகர்ந்தாள் என்று தெரியவில்லை, அவர் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் நின்றுகொண்டு, "உங்க பேர் என்ன ஐயா?" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்டாள். அவர் எங்களைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார். "நல்லாக் கேளும்மா! பத்து வருஷமா நானும் பின்னால நின்னு கத்தறேன். வேணும்னே திரும்பலன்னு நினைச்சு நாலு நாள் பேசாமக்கூட இருந்திருக்கேன்."

முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். "என் பேரையும் எழுதிக்கோங்க" என்றார். கடைசியில் எங்கள் பட்டியலில் நூற்று எண்பத்தேழு பேர் இருந்தார்கள்.

பரிசோதனைக்கு அமைதியான அறை வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் விழித்தோம். எங்கள் பள்ளி பிரதான சாலையில் இருக்கிறது. லாரி போனால் கரும்பலகை அதிரும். பின்கட்டில் இருக்கும் புவியியல் அறையைத் தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமை மாலை முதலாளியே ஒரு வண்டி நிறையத் துணிப் பொதிகள் அனுப்பினார். மாணவிகள் அவற்றைச் சுமந்து வந்து சன்னலை மறைத்துக் கூரை வரை அடுக்கினார்கள். உலக வரைபடத்தின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன். என் மூச்சு எனக்கே கேட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. உடன் வந்தவர்களையும் சேர்த்தால் முந்நூறு பேர் இருப்பார்கள். இவர்களை நாள் முழுக்க எப்படிச் சத்தமில்லாமல் வைத்திருப்பது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சைரன் ஒரு அட்டையில் அமைதி என்று பெரிதாக எழுதி இரு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றாள்.

அதன்பிறகு நடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கூடம் அடங்கியது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேசத் தெரியும், விரலாலேயே கதை சொல்லத் தெரியும். இந்த மூலையில் ஒருவர் வாயசைக்க, அந்த மூலையில் நால்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மருமகளைப் பற்றிய புகார் ஒன்று முப்பதடி தாண்டிப் போய் அதற்குப் பதிலும் திரும்பி வந்தது. ஒரு சத்தம் இல்லை. பூனை என் காதருகே வந்து, "மிஸ், நான் இந்தத் தெருவுல பிறந்திருக்கணும்" என்றாள்.

பதினோரு மணிக்கு சைரனுடைய அம்மாவின் முறை வந்தது. கதவிடுக்கில் எனக்குத் தெரிந்தது. காதில் ஒலிக்கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். வெகுநேரம் அவர் கை மடியிலேயே இருந்தது. வெளியே வந்த மருத்துவர் சைரனிடம் மெல்லச் சொன்னார். இரண்டு காதிலும் நரம்பு பாதித்திருக்கிறது. போனது திரும்பாது. கருவி வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும்.

அம்மா மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சைரன் அட்டையைப் பூனையிடம் கொடுத்தாள். பிறகு உதட்டாலும் விரலாலும், ஒரு எழுத்துகூட ஒலிக்காமல், எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னாள். அவள் கண் நிறைந்திருந்தது, விரல் மட்டும் தடுமாறவில்லை.

அம்மா கூடமே அதிர, "எனக்கு மட்டும் இல்லையே?" என்று கேட்டார்.

சைரன் தலையை அசைத்து, சுவரோரம் இருந்த நீள பெஞ்சுகளைக் காட்டினாள். பரிசோதனை முடிந்து, கருவி தேவை என்று சீட்டு வாங்கிய நாற்பது பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியும் கடைசி பெஞ்சில் சீட்டோடு இருந்தார். அவர்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். இத்தனை வருடமாக ஒளித்து வைத்திருந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட நாள் அது. உள்ளிருந்து உதவியாளர் வந்து உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்கிவிட்டுப் போனார்.

மாலைக்குள் எழுபத்தொன்பது பேருக்குக் கருவி தேவை என்று எழுதினார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அலுவலகம் அவற்றைத் தருவதற்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் சைரன் வாரம் தவறாமல் அங்கே போய் நின்றாள். அந்த அலுவலகத்தில் ஒருவரும் அவள் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்லியிருக்க முடியாது. அம்மாவுக்குக் கருவி மாட்டிய அன்று சமையலறையில் போய் நின்றவர், "குழாய் சொட்டுது, இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லலையே!" என்று அப்பாவையும் மகளையும் ஒரு பிடி பிடித்தாராம்.

பெரிய பட்டறையில் எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தார்கள். அரிக்கிறது என்று கழற்றி எறிந்தவர்களும் உண்டு. மாணவிகள் மறுபடி போய் மறுபடி சொன்னார்கள். மற்றப் பட்டறைகளும் மெல்ல வழிக்கு வந்தன. ஆண்டு விழாவில் தலைமையாசிரியை சைரனை மேடைக்கு அழைத்தபோது தறித்தெருவே எழுந்து நின்றது. அவளைக் காவல் வைத்த அந்த வாளி அறையை நினைத்துக்கொண்டு நானும் எழுந்து நின்றேன்.

அவள் இப்போது பட்டம் முடித்து, அதே நலத்துறையில் வேலை பார்க்கிறாள். எங்கள் பூங்காவை நகராட்சி கூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பதினோராம் வகுப்பு தறித்தெருவுக்குத்தான் போகிறது.

போன மாதம் புதிய பிள்ளைகளோடு ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத பெண் ஒருத்தி தறியை நிறுத்திவிட்டு, காதடைப்பானை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சைரன் அக்கா படிச்ச ஸ்கூலா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். நான்தான் அவளுடைய வகுப்பாசிரியை என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை அவள் கேட்கவில்லை, எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.