ஈரச் செங்கல்லில் ஒரு கை

"தொப்பி போட்டவங்க கொஞ்சம் கழட்டிக்கங்க. துரை தூங்குறாரு."

கவர்னரின் கல்லறைக்கு முன்னால் வழிகாட்டி தன் வெயில் தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு நான்கு முறை, பத்தொன்பது வருடமாக. இந்தக் கரையிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி விற்றவனுக்கு இத்தனை மரியாதை! கோட்டை பார்க்க வந்த கூட்டமும் வெயிலில் தலையைக் காயவிட்டுக்கொண்டு நிற்கிறது.

ஊரில் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர். மடக்கிய குடையின் நுனியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். "முந்நூறு வருசம்! ஒரு கல்லு ஆடுதா பாருங்க. வெள்ளைக்காரன் கட்டினதுன்னா சும்மாவா?" வெள்ளைக்காரன் ஒரு கூடை சுண்ணாம்பாவது சுமந்திருப்பானா? உள்ளூர்க்காரன் நான் கேட்டால் சிரிப்பார். "அண்ணே, நீங்க பேசினா கூட்டம் கலையும். நான் பேசினா போட்டோ எடுக்கும்."

கடல் பக்கத்துச் சுவரில், மார்பளவு உயரத்தில், ஒரு செங்கல். அதில் ஒரு சின்னக் கை பதிந்திருக்கிறது; ஐந்து விரலும் தெளிவாக. சுற்றுலா அலுவலகம் அச்சடித்த கையேட்டின்படி அது கவர்னரின் செல்ல மகளுடைய கை. தொப்பிக்காரரும் குரலைக் குழைத்து அதையே ஒப்பிப்பார்.

தெரியாமல் சொல்கிறார் என்றால் விட்டுத் தொலைக்கலாம். ஒருநாள் டீக்கடையில் அவரே சொன்னார்: "எங்கம்மா சூளையில கல்லு அறுத்தவங்கண்ணே. காயாத கல்லுல கைய வெச்சு எத்தனை அறை வாங்கியிருக்கேன்! அது எந்தப் புள்ள கைன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா இந்தப் பொய்ய விக்கிறீங்க?"

"கையேட்டத் தாண்டினா லைசென்ஸ் போயிடும். என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் நீங்களா சோறு போடுவீங்க?"

எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. துரை செத்து மண்ணாகி இத்தனை காலம் ஆகியும், அவன் பொய்யைக் காக்க நம்மாளே அச்சுப்போட்டுக் கொடுக்கிறான். நம்மாளே மனப்பாடம் செய்கிறான்.

போன வாரம் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள். சுற்றுலா அலுவலகத்து அதிகாரி கையேடும் பேனாவுமாகக் கூட்டத்தோடு நடந்தார். நானும் பின்னால் போனேன். அவர் தலையிலும் ஒரு தொப்பி. கல்லறையில் எல்லாம் முறைப்படி நடந்தது; அதிகாரியும் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். செங்கல்லுக்கு வந்ததும் தொப்பிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கவர்னர் துரையோட செல்ல மக..." என்று ஆரம்பித்தார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் இடைமறித்தாள். "துரை வீட்டுப் புள்ளைக்குச் சூளையில என்னங்க வேலை?"

கூட்டம் சிரித்தது. அதற்குள் குழந்தை எட்டி, அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்தது. அம்மா இழுத்தும் எடுக்கவில்லை.

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். தொப்பிக்காரர் என்னை ஒரு முறை முறைத்தார். நான்தான் அந்தப் பெண்ணை ஏவிவிட்டேன் என்பதுபோல. பிறகு குடையைச் சுவரில் சாய்த்தார்.

"கல்லு அறுத்தவங்க வீட்டுப் புள்ளம்மா. இதுக்காக அறை வாங்கியிருக்கும்."

அதிகாரியின் பேனா நின்றது. "இது கையேட்டுல இல்லையே?"

"இல்லீங்க சார்" என்ற தொப்பிக்காரர், தன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, அதிகாரியின் தலையைப் பார்த்தபடி காத்திருந்தார்.