மேட்டுக்காரியின் பார்வை

விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் மேட்டுக்காரி போய்ப் பார்ப்பது ஓரகத்தியின் பள்ளத்தைத்தான். விளிம்பில் நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கோரை எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று கண்ணாலேயே அளப்பாள். வளர்ந்திருந்தால் அன்றைக்கு அடுப்படியில் பாத்திரமெல்லாம் சத்தம் போடும்.

ஆற்றங்கரை நிலத்தை அவள் கணவனும், ஓரகத்தியின் கணவனான அவன் தம்பியும் பிரித்துக்கொண்டபோது மேட்டைக் கேட்டு வாங்கியவள் அவளேதான். "ஒசரத்துல இருந்தாத்தான் நாலு பேரு மதிப்பாங்க." மதித்தார்களோ என்னவோ, மேடு அவளை மதிக்கவில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு மணலைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய கரை அது. ஈரம் தங்காது, வேலமும் எருக்கும்தான் வேர் பிடிக்கும். கீழே பள்ளம், ஆறு எப்போதோ ஓடிவிட்டு விலகிப்போன பழைய தடம். களிமண் தண்ணீரைக் கட்டிக் காக்கும். வானம் எட்டிப் பார்க்காத கோடையிலும் அங்கே அறுகும் கோரையும் நாணலும் பசேலென்று நிற்கும். நடுவில் ஓர் ஆள் உயரம்தான் இறக்கம். அந்த ஆள் உயரம் அவள் நெஞ்சில் மலையாக உட்கார்ந்துவிட்டது.

ஓரகத்தியின் ஆடு இரட்டைக் குட்டி போட்டால் இவளுக்குத் தலைவலி வரும். "பச்சையத் தின்னு தின்னு அதுகளுக்கும் கொழுப்பு, அவளுக்கும் கொழுப்பு!"

ஒரு தடவை ஓரகத்தி இல்லாத நேரம் பார்த்துக் கோரைக் கிழங்கை முந்தானை நிறைய அள்ளிவந்து மேட்டில் நட்டாள். "கோரை போற எடத்துக்குத் தண்ணி தானா வரும். தண்ணியில்லாத எடத்துல கோரையப் பாத்திருக்கியா நீ?" என்று கணவனிடம் சவால் வேறு. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். குடும்பம் நடத்தத் தெரிந்த மனுஷன். குடம் குடமாக ஊற்றினாள். மணல் அத்தனையும் குடித்துவிட்டு ஓர் ஏப்பம்கூட விடவில்லை. கோரை கருகிப்போனது. "நான் எடுப்பேன்னு தெரிஞ்சே சொத்தைக் கிழங்கா வெச்சிருக்கா பாவி" என்றாள்.

இந்தக் கோடையில் ஓரகத்தியே மேலேறி வந்தாள்.

"அக்கா, உங்க கண்ணு பட்டே என் ஆடு இளைச்சுப்போகுது. பள்ளத்த நீங்களே வெச்சுக்குங்க. மேட்ட எனக்குக் குடுங்க."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

ஆண்கள் இருவரும் தலையாட்டினார்கள். வேறு எதற்குத் தலை?

மறுநாள் மேட்டுக்காரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ராணி மாதிரி இறங்கினாள். ஆடுகள் பச்சையில் முகம் புதைத்தன. அவள் நாணலைத் தடவினாள், ஈர மண்ணைக் கால்விரலால் கிண்டினாள், சிரித்துக்கொண்டாள். பிறகுதான் அங்கே நின்ற ஒற்றை மரத்தைப் பார்த்தாள். கழுத்து உயரத்தில் கிளையிடுக்கில் வைக்கோலும் சருகும் காய்ந்து தொங்கின. போன வெள்ளம் மாட்டிவிட்டுப் போனவை. வெள்ளம் வந்தால் ஓரகத்தி ஆடு குட்டியோடு மேட்டுக்கு ஓடி வருவதும், இவள் "ஓரமா நில்லு" என்று இடம் காட்டுவதும்தான் இத்தனை வருஷ வழக்கம்.

"ஏண்டி, இனிமே வெள்ளம் வந்தா?" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"மேல வந்துருங்கக்கா. ஓரமா ஒரு எடம் குடுக்க மாட்டேனா?"

வேலமர நிழலில் ஓரகத்தி காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். முளைக்குச்சி அடித்து ஆட்டைக்கூடக் கட்டிவிட்டாள். அந்த ஆடு உதிர்ந்த வேல நெற்றைக் கடித்து நொறுக்கும் சத்தம் பள்ளம் வரைக்கும் கேட்டது. கீழேயிருந்து பார்க்க அந்த நிழல்தான் எத்தனை அகலம்!

"எம்மரத்து நெத்து, தின்னுறதப் பாரு!" என்றாள் மேட்டுக்காரி.

பச்சையில் மேய்ந்த தன் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்காரி மூச்சு வாங்க ஏறினாள். முளைக்குச்சியை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, கயிறும் ஆடுமாக ஓரகத்தியின் கையில் திணித்தாள். பிடுங்கிய குழியின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேலமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.